வாய்க்காலுக்குள் நின்ற பொக்லைன்

பொக்லைன் வண்டி வாய்க்காலின் நடுவே சேற்றில் கையை ஊன்றிக்கொண்டு நின்றது. கேபினுக்குள் இருந்த சின்னத் திரையில் பழுதைச் சொல்லும் எரர் கோடு ஒன்று சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற மெக்கானிக் சைபுல்லா அதைப் பார்த்தபடி கைலியை மடித்துக் கட்டினார்.

"காலையிலேருந்து இப்படித்தான் பாய்," என்றான் ஆப்பரேட்டர் தங்கையன். "ஆக்சிலேட்டர் குடுத்தா முக்குது, மொனகுது, கரையேற மாட்டேங்குது."

"தண்ணி எப்ப வரும்?"

"மதகு தொறந்துட்டாங்களாம். இப்ப வந்துரும்."

தூர்வாரும் வேலை என்னவோ முடிந்துவிட்டது. ஆனால் வண்டியும் அதன் முன்னால் குவிந்த மண்ணுமாகச் சேர்ந்து வாய்க்காலை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி ஏறாவிட்டால் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. கடைமடைக்காரர்கள் அதற்குள் நாலைந்து பேர் வந்து, கரையில் கைகட்டி நின்றார்கள்.

சைபுல்லாவின் கவலை அதைவிடப் பெரியது. பாதி ஆயுளைக் குவைத்தில் வண்டிகளுக்கு அடியிலேயே கழித்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வலங்கைமானில் நாலு பொக்லைன் வைத்திருக்கும் அப்துல் வஹாப் காலையில் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இத மட்டும் இன்னைக்கு ஏத்திக் குடுங்க, என் வண்டி அத்தனைக்கும் நீங்கதான் மெக்கானிக். முடியலன்னா சொல்லிருங்க, தஞ்சாவூர்லேருந்து ஆள வரச் சொல்லிக்கறேன்." தஞ்சாவூர் ஆள் வந்தால் சைபுல்லா மறுபடி குவைத்துக்கு ஏற வேண்டியதுதான். நினைத்தாலே அவருக்கு முட்டி வலித்தது.

ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். இஞ்சின் வேகத்தைச் சொல்லும் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்றது. ஸ்கேனர் நோயைச் சொல்லுமே தவிர, அது எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று சொல்லாது. சீட்டுக்குப் பின்னால் மூடியைக் கழற்றி, ஒயர் போன வழியெல்லாம் தவழ்ந்து போனார். இஞ்சினுக்கு அடியில், ஒயர்களை இணைக்கும் ஒரு கப்ளருக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்திருந்தது. துடைத்து, ஊதி, காயவைத்து மாட்டினார். இஞ்சின் உறுமியது.

"அடேயப்பா! கை ராசிக்காரரு!" என்று கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து வயல் ரெங்கம்மாள். கூடவே மருமகள் மதிவதனி, தலையில் சோற்றுத் தூக்கோடு.

மதிவதனி கேபின் வரைக்கும் ஏறி வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இம்புட்டு ஒயரு இருக்கே, எது எதுக்குன்னு எப்படிண்ணே தெரியும்?"

சைபுல்லாவிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வீட்டில் அவர் ஒயரிங் பேச்சை எடுத்தால் மனைவி ரசியா பேகம் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"இங்க பாரும்மா. இந்தக் கப்ளர் கழண்டா வண்டி கை தூக்காது. இது கழண்டா செயின் ஓடாது, நகரவே நகராது. இந்தக் கறுப்பு இருக்கே, இது போனா ஸ்டார்ட்டே ஆவாது." ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"சரி பாய், சோறு ஆறுது. ஒரு வாய் போட்டுட்டு ஏத்துங்க," என்றாள் ரெங்கம்மாள்.

வண்டியை ஏற்றிவிட்டுச் சாப்பிடலாம் என்றுதான் வாயெடுத்தார். ஆனால் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பியவர். பசி வந்தால் பத்தும் பறந்துபோகுமே, பொக்லைன் எம்மாத்திரம்? தங்கையன் இஞ்சினை அணைத்துவிட்டு அதற்குள் புங்க மரத்தடியில் சம்மணம் போட்டாகிவிட்டது.

கருவாட்டுக் குழம்பு அமிர்தமாக இருந்தது. மதிவதனி தண்ணீர் எடுக்கப் போனாள். ரெங்கம்மாள் பரிமாறியபடியே தன் பாட்டைப் பாடினாள். "எங்க வயலு மேடு பாய். வாய்க்காத் தண்ணிய கண்ணால பாக்கலாம், காலால மிதிக்கலாம், வயலுக்கு மட்டும் ஏறாது. இஞ்சின் வச்சு எறைச்சு எறைச்சே நாங்க தேஞ்சு போனோம்."

கையலம்பிவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினால், இஞ்சின் ஓடியது, கை எழவில்லை. திரையில் புதிதாக ஒரு எரர் கோடு.

"என்ன பாய் இது?" என்றான் தங்கையன்.

சைபுல்லா மறுபடி சீட்டுக்குப் பின்னால் குனிந்தார். அந்தப் பெண்ணுக்கு விளக்கம் சொன்ன சாக்கில் தன் கையே எதையாவது இழுத்துவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். மல்டிமீட்டரை வைத்து ஒயர் ஒயராகச் சோதித்தார். கடைசியில், காட்டிய அதே கப்ளர் பாதி கழன்று தொங்கியது. தன் தலையில் தானே குட்டிக்கொண்டு மாட்டினார்.

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. போக வழியில்லாமல் வண்டிக்கு மேற்கே தேங்கி, செயினை நனைத்தது. வஹாப் போன் செய்தார்.

"என்ன பாய், ஏறிடுச்சா?"

"இதோ... இதோ ஏறிக்கிட்டே இருக்கு."

போனை வைப்பதற்குள் ரெங்கம்மாள் டீயும் வடையும் கொண்டுவந்துவிட்டாள். வேண்டாம் என்றால் விடவில்லை. "வடை சுடச்சுட இருக்கு பாய், கேபினுக்குள்ள எண்ணெக் கையி படக் கூடாதுல்ல, எறங்கி வந்து தின்னுங்க."

அவரும் தங்கையனுமாக இறங்கித் தின்றுவிட்டு ஏறினார்கள். இப்போது கை எழுந்தது. செயின் ஓடவில்லை. திரையில் இன்னொரு கோடு.

தங்கையன் குரலைத் தாழ்த்தினான். "திருஷ்டி பாய். ஒரு எலுமிச்சம்பழம் கட்டிருவமா?"

"கட்டு. அப்படியே என் கழுத்துலயும் ஒண்ணு கட்டு."

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் ஒரே நாளில், ஒரே வாய்க்காலில் மூன்று தடவையா சறுக்கும்? குவைத் வெயில் மூளையைத் தின்றுவிட்டதோ என்று அவருக்குப் பயமே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ரசியா பேகம் போன் செய்தாள். "என்னங்க, பாஸ்போர்ட்ட பீரோவுலேருந்து எடுத்துத் தொடச்சு வச்சிருக்கேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

தண்ணீர் செயினை மூடிக்கொண்டு ஏறியது. கடைமடைக்காரர்கள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். தேடி, இதுவும் கழன்றிருந்ததைக் கண்டுபிடித்து மாட்டினார். அழுகை வரும்போல் இருந்தது.

"பாய், நீர்மோரு! இஞ்சி தட்டிப் போட்டது!" கரையில் ரெங்கம்மாள் செம்போடு நின்றாள்.

"வேணாம்மா. வண்டி ஏறுனாத்தான் இனி பச்சத் தண்ணிகூட."

"ஒரு வாய் பாய். எறங்கி வாங்க."

"வேணவே வேணாம்மா!"

சீட்டுக்குப் பின்னால், கோழி முட்டைமேல் உட்கார்வதுபோல அந்தக் கப்ளர்களை அணைத்துக்கொண்டு குந்திவிட்டார். "எடுடா வண்டிய!"

வண்டி கையை உயர்த்தியது, மண்ணைப் பிடித்தது, முக்கி முனகி ஒருவழியாகக் கரையேறியது. மண்மேடு உடைந்து தண்ணீர் கிழக்கே பாய்ந்தது. கடைமடைக்காரர்கள் விசிலடித்தபடி அதன் பின்னாலேயே ஓடினார்கள்.

சைபுல்லா வஹாபுக்குப் போன் போட்டார். குரலில் கம்பீரம் திரும்பியிருந்தது.

"ஏறிடுச்சு பாய். சாதாரண ஃபால்ட்டு இல்ல. ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு கெளம்புது. வேற ஆளா இருந்தா ஒயரிங்கையே மாத்தச் சொல்லியிருப்பான்."

"மாஷா அல்லாஹ்! நாளைக்கே வந்து மத்த வண்டியையும் பாத்துருங்க."

அப்பாடா என்று இருந்தது. உடம்பில் ஒரு எலும்பு பாக்கியில்லாமல் வலித்தாலும் மனசு லேசாகிவிட்டது. பாவம், அந்த அம்மாவை முகத்திலடித்தாற்போல் பேசிவிட்டோமே, அந்த மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் போவோம் என்று புங்க மரத்தைப் பார்த்து நடந்தார். மரத்துக்கு அந்தப் பக்கம் ரெங்கம்மாள் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"அவரு காட்டுன மூணு ஒயரையும் ஒரே தடவையில புடுங்குடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், நீ வேளைக்கு ஒண்ணா புடுங்குன, பாரு, நம்ம மேட்டு வயல்ல ஏற இருந்த தண்ணி எறங்கிப் போவுது!"