தீசேய் என்றால் எடுத்துவிடு

எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. ஆந்திர எல்லையில் இருக்கும் சத்தியவேட்டில் பிறந்த தமிழர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். (கடையில் தக்காளி வாங்கும் அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் போகும்போதுதான் மானம் போகும்.) என் மானம் போனது திருப்பதியில், அக்கா கல்யாணத்தில், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில்.

மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. தமிழர்கள்தான், ஆனால் திருப்பதியிலேயே இருந்து வீட்டுப் பேச்சும் தெலுங்காகிப்போன குடும்பம். லீவில் வந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தார். பிலிம் கிடையாது, கழுவ வேண்டாம், எடுத்த உடனே பின்னால் இருக்கும் திரையில் பார்க்கலாம். நிச்சயத்தன்று அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஸ்டுடியோக்காரன் எதுக்கு நைனா? நான் கீறேன்ல," என்று அப்பாவிடம் அடம்பிடித்து, பேசி வைத்திருந்த ஆளை வேண்டாம் என்று சொல்லவைத்தேன். மாப்பிள்ளையும் நம்பிக் கேமராவைக் கொடுத்தார்.

"தாலி கட்றது மட்டும் தெளிவா வரணும் மச்சான். அந்த போட்டோ வெச்சாதான் உங்க அக்காவுக்கு விசா. லீவு முடியறதுக்குள்ள பேப்பர் குடுக்கணும்."

"அதெல்லாம் ஒரு மேட்டரா மாமா," என்றேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பையனைக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

கல்யாண வேன் கிளம்பியதும் நானும் ஆரம்பித்தேன். டிரைவரின் முதுகை எடுத்தேன். புத்தூரில் டீ குடித்த கிளாஸை எடுத்தேன். தூரத்தில் மலை தெரிந்ததும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு எடுத்தேன். வாயைத் திறந்து தூங்கிய சித்தப்பாவைப் பல கோணங்களில் எடுத்தேன். கையை நீட்டி என்னையே எடுத்துக்கொண்டது தனிக்கதை. சத்திரத்தில் நலங்கு, மாலை மாற்றியது எல்லாம் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். நான் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் போய்ப் பட்டனை அழுத்தினேன். படம் விழவில்லை. மெமரி ஃபுல் என்று திரையில் எழுத்து வந்தது. பதறிப்போய் ஏதேதோ தட்டியதில், எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு நின்றது கேமரா.

அப்போது என் தோளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன் குரல்.

"ஏம் பாபு, அட்லா சூஸ்தா உன்னாவு? தீசேய், தீசேய்."

தீசேய் என்றால் எடுத்துவிடு. நம் தமிழைப் போலவே அங்கேயும் படத்தையும் எடுக்கலாம், வேண்டாததையும் எடுக்கலாம். என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய், சட்டென்று படத்தை எடு என்கிறார் அவர். என் தோள்வழியாகத் திரையைப் படித்துவிட்டு வழி சொல்கிறார் என்று நினைத்தேன் நான். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் தெலுங்கில் வந்த பதிலைத் தமிழில் புரிந்துகொண்டு, ஓகே பட்டனை அழுத்தினேன்.

கேமரா நிதானமாக அழித்தது. முடிக்கும்வரை வேறெந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. நான் நிமிர்ந்தபோது தாலி ஏறிவிட்டிருந்தது. யாரோ போட்ட அட்சதை என் தலையில் விழுந்தது.

பந்தியில் அக்கா கேட்டாள். "தாலி கட்னது வந்துச்சாடா? காட்டு."

சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் இலையைப் பார்த்துக்கொண்டே அழுதாள். "விசா வரலன்னா நான் இங்கயே கெடக்கணுமா?" என்றாள். வெட்கத்தில் எங்கே நிற்பதென்று தெரியாமல் கை கழுவும் இடத்தில் போய் நின்றேன். நைனா வந்து என் கையிலிருந்த கேமராவை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுவீட்டுக்குச் சத்தியவேடு வந்ததும், நான் வேண்டாம் என்று அனுப்பிய அதே ஸ்டுடியோக்காரரிடம் எல்லோரும் போனோம். மறுபடி மாலை, மறுபடி கூரைப்புடவை. "கட்ன தாலிய அவுக்கறதா? அதெல்லாம் ஆவாது," என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் கழுத்தில் கிடந்த கயிற்றையே பின்னால் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போடுவது போல் நின்றார் மாப்பிள்ளை. ஸ்டுடியோவில் இருந்த ஒரே திரைச்சீலையில் பனிமலை வரைந்திருந்தது. அட்சதை போட ஆள் வேண்டுமே என்று ஓரத்தில் என்னை நிறுத்தினார்கள்.

"அரிசி போடறதயாவது ஒழுங்கா செய்டா," என்றாள் அக்கா.

விசா கிடைத்தது. அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. "கல்யாணம் எங்க, காஷ்மீர்லயா?" என்று யாராவது கேட்டால் அக்கா பதில் சொல்வதில்லை. "தோ, அவன கேளுங்க," என்று என் பக்கம் கையைக் காட்டுவாள்.

போன மாதம் அவள் மகளுக்கு நிச்சயம். விவரம் தெரியாத மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் போனை என் கையில் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். மேடையிலிருந்து பெண்ணே குரல் கொடுத்தாள்.

"மாமா, எடுங்க. எடுத்துடாதீங்க."

எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, போனில் இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.