எலி மேடமும் கிரகணத்துக் கத்தரிக்காயும்

எலியின் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் முதுகுத் தோலைப் பற்றி இந்த உலகத்திலேயே மிக அதிகமாகக் கவலைப்பட்ட ஆள், வெள்ளானூரில் எங்கள் தலைக்கு மேல் மாடிப் போர்ஷனில்தான் குடியிருந்தார். நான் அளப்பதாக நினைப்பவர்கள் ஆவடி ஸ்டேஷனுக்கு ஓடும் ஷேர் ஆட்டோக்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம். 'எலி மேடம்' என்றால் போதும். அம்மா அப்பா வைத்த பெயர் வீட்டுக்காரர்களுக்கே மறந்துவிட்டது.

நகரத்தில் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வேலை. கருவிலே தோல் எப்படி உருவாகிறது என்பதைச் சுண்டெலிகளை வைத்துப் படிப்பது. இந்தச் செய்தி தெருவுக்கு வந்து சேர்ந்தபோது எலி பிடிக்கும் வேலையாகியிருந்தது. குடிவந்த வாரமே வீட்டுக்கார அம்மா தங்கம் மாடியேறிவிட்டார்.

"மேடம், மோட்டார் ரூம்ல ஒரு பெருச்சாளி பூந்துகினு கீது. கொஞ்சம் வந்து இன்னான்னு பாரேன்."

எலி மேடம் மறுக்கவில்லை. டார்ச்சோடு போய், மூலையில் முறைத்துக்கொண்டிருந்த பெருச்சாளியை நெடுநேரம் பார்த்தார். "மீசையைப் பாருங்க, ரெண்டு பக்கமும் வரிசை பிசகாம நிக்குது! தாயோட வயித்துக்குள்ளயே போட்ட வரிசை இது" என்று உருகினார். பெருச்சாளி கூச்சப்பட்டுத் தானாகவே வெளியேறிவிட்டது என்பது தெருவின் கட்சி.

மண்ணூர்பேட்டைப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்த தங்கத்தின் கணவர், வழுக்கைக்கு ஒரு மூலிகை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எலி மேடம் அவரைப் படிக்கட்டில் நிறுத்தி, "சார், முடிக்கு வேர் வைக்கிற வேலையெல்லாம் உங்க அம்மா வயித்துலயே முடிஞ்சுபோச்சு. பொறந்தப்புறம் புதுசா ஒரு வேர்கூட வராது" என்றார். பாவம், மனிதர் ஒரு வாரம் பட்டறைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனார்.

பொதுவாக விஞ்ஞானிகள் புரியாதபடி பேசி ஆளைக் கொல்வார்கள். எலி மேடம் புரியும்படி பேசியே கொல்வார். தண்ணீர் லாரி வரிசையில், இடுப்பில் குடத்தோடு அவர் நடத்திய பாடம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தங்கம்மா, உங்க மனைப் பத்திரத்தை வெளிய எடுத்துட்டுப் போவீங்களா?"

"யாராச்சும் எடுத்துகினு போவாங்களா? அது பீரோல கீது. ஜெராக்ஸ்தான் போவும்."

"அதேதான்! ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பத்திரம் பூட்டி இருக்கு. அதான் டி.என்.ஏ. வேலைக்கு வெளிய போற ஜெராக்ஸ் பேருதான் ஆர்.என்.ஏ. அந்த ஜெராக்ஸ் மேல உடம்பு அங்கங்க ஒரு மஞ்சப் பொட்டு வைக்குது. எழுத்து ஒண்ணும் மாறாது. ஆனா பொட்டைப் பார்த்துத்தான் எதை உடனே செய்யணும், எதைப் படிச்சதும் கிழிச்சுப் போடணும்னு செல்லுக்குத் தெரியும். எலிக்குட்டிக்கு அந்தப் பொட்டு வைக்கிற ஆளை எடுத்துட்டோம்னா, முடி சரியா வேர் விடாது. நாக்குல இருக்கற சொரசொரப்புகூட ஒழுங்கா வராது. எங்க, எல்லாரும் நாக்கை நீட்டுங்க!"

வரிசை மொத்தமும் நாக்கை நீட்டியது. லாரி டிரைவர் கீழே குதித்து, "இன்னாபா, லேட்டா வந்தா இப்டியா அழகு காட்டுவீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் தனியாக இன்னொரு முறை நீட்டிப் பார்த்தேன். காலமெல்லாம் இட்லி தின்று வம்பு பேசிய நாக்கு. அதன் மேல் இத்தனை நுணுக்கமான வேலைப்பாடு இருப்பது தெரியாமலே ஓட்டியிருக்கிறேன். சத்தியமாக எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

தங்கத்தின் மருமகள் செல்விக்குத் தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று பிள்ளை. உச்சந்தலையில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு முடி இல்லை. வழவழவென்று மெல்லிய தோல். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கம் பயப்படவில்லை, காரணம் கண்டுபிடித்தார்.

"கிரகணத்தன்னிக்குக் கத்தியத் தொடாதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். ஒக்காந்துகினு கத்தரிக்கா அரிஞ்சா. இப்போ புள்ள மண்டையில வந்து நிக்குது."

சூரியனைப் பாம்பு விழுங்குகிற நேரத்தில் கர்ப்பிணி காய் நறுக்கினால் பிள்ளையின் தோலில் வடு விழும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். கொடுமை என்னவென்றால், செல்வியும் அதை நம்பினாள். சித்திரை வெயிலிலும் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா. குளிப்பாட்டும்போது அந்த இடத்தில் அவள் கை படாது. ஆடியில் குலதெய்வம் கோயிலில் மொட்டை என்று நாள் குறித்ததும், "நான் வரல. நீங்களே தூக்கினு போங்க" என்று சொல்லிவிட்டாள். மொட்டையடித்தால் ஊர் பார்க்குமே. பெற்ற பிள்ளையின் மொட்டைக்கு வரமாட்டேன் என்று ஒரு தாய் சொல்வதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

விஷயம் மாடிக்கு எட்டியது. துவைத்த துணியைத் தோளில் போட்டபடியே எலி மேடம் இறங்கி வந்தார்.

"செல்வி, கிரகணத்தப்போ உனக்கு எத்தனாவது மாசம்?"

"எட்டு, மேடம்."

"எட்டா? லேட்டும்மா!"

"இன்னாது லேட்டு?" என்றார் தங்கம்.

"தலையில எங்கெங்க முடி வரணும்ங்கற வேலையை அஞ்சாம் மாசத்தோட முடிச்சுட்டுக் கடையைக் கட்டிட்டாங்க. எட்டாம் மாசத்துல இவ கத்தரிக்கா இல்ல, கடப்பாறையால பலாப்பழத்தையே பொளந்திருந்தாலும் ஒண்ணும் ஆகாது. உங்க கிரகணம் லேட்டா வந்திருக்கு!"

தங்கம் விரல்விட்டு எண்ணினார். கிரகணத்தை நம்புகிறவர் மாதக் கணக்கை நம்பாமல் இருக்க முடியாது. "ஆமா, வளைகாப்பே முடிஞ்சிருந்துச்சே..." என்று இழுத்தார்.

"அப்போ ஏன் மேடம் இப்டி?" என்று கேட்டாள் செல்வி.

"தெரியலைம்மா. ஏதோ ஒரு ஜெராக்ஸ்ல பொட்டு விட்டுப்போயிருக்கலாம். வேற எதுவாவது இருக்கலாம். நீ பண்ணினது இல்ல, அது மட்டும் நிச்சயம்." குல்லாவை மெதுவாகக் கழற்றி, தலைமுடியை விரலால் விலக்கினார். "ஒரு இடம் வரலைன்னு அழறியே. இருட்டுக்குள்ள, சொல்லிக்குடுக்க ஆளில்லாம, ஒவ்வொரு முடியும் அதது இடத்துல வந்து நின்னிருக்கு பாரு. இத்தனை வருஷமா பாக்கறேன், எனக்கு இன்னும் நம்ப முடியல. மொட்டை அடிச்சதும் எனக்கு ஒரு தடவை முழுசா காட்டுவியா? இப்போ முடி மறைக்குது."

பிள்ளை பிறந்த நாள் முதல் அந்தத் தலையைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

செல்வி கோயிலுக்கு வந்தாள், எலி மேடத்தையும் கூட அழைத்துக்கொண்டு. தாய்மாமன் மடியில் மொட்டை முடிந்ததும், தங்கம் கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்து, முதல் வேலையாக அந்த இடத்தை மூடக் கையைக் கொண்டுபோனார். செல்வி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க மட்டும் வாணாம், அத்த. மேடம் பாக்கணும்."

சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பிள்ளையை எடுத்து எலி மேடத்தின் மடியில் வைத்தாள். வாய் ஓயாத அந்த மனுஷி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க எனக்கும் ஒரு கண்ணாடி இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.