ஒரே பந்தில் இரண்டு

டுவேன் ஹோலன்பெக்கின் பிரச்சினை, அவருடைய அணியில் பந்து வீசும் பெண் ரொம்ப நன்றாக வீசியதுதான்.

பத்து வயதுப் பெண்களின் சாஃப்ட்பால் அணிக்கு அவர் கோச். அதில் பிரென்னாவுக்கும் மேரனுக்கும் ஆறு வாரமாக ஒரே பாடம். உருண்டு வரும் பந்தை பிரென்னா பிடித்து, இரண்டாம் தளத்துக்கு ஓடி வரும் மேரனிடம் தள்ள வேண்டும். மேரன் அதை அப்படியே முதல் தளத்துக்கு எறிய வேண்டும். ஓடுபவர்கள் வந்து சேருமுன் பந்து தளத்துக்கு வந்துவிட்டால், ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். பந்து கையில் தங்கக் கூடாது என்பதற்காகக் கையுறையைப் பிடுங்கிக்கொண்டு, தட்டையான ஸ்பாஞ்சுப் பலகையை மாட்டிவிட்டுப் பழக்கினார். இப்போது இருவரும் தூக்கத்தில்கூடச் செய்வார்கள். ஆனால் ஆட்டத்தில் பந்து வீசும் டாரா எல்லாரையும் அடிக்கவே விடாமல் மூன்றே பந்தில் அவுட்டாக்கி அனுப்பிவிடுவதால், இவர்கள் பக்கம் பந்தே வருவதில்லை.

இதுதான் சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. நான்குக்கு ஒன்று என்று டுவேனின் அணி முன்னணியில். எதிரணி கடைசியாக ஒரு முறை ஆட வேண்டியதுதான் பாக்கி; மூன்று பேர் அவுட்டானால் முடிந்தது. அம்பயர் லோர்னா ஓய்வு பெற்ற தபால்காரி. தினமும் நாயோடு வேலியோரம் நின்று பயிற்சி பார்ப்பவர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேரனைப் பார்த்தார், கடிகாரம் கட்டிய கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "ஆடுங்க" என்றார்.

டாரா முதல் ஆளை மூன்று பந்தில் அனுப்பினாள்.

"அப்புறம் எங்கள எதுக்கு கோச் இத்தன நாளா போட்டு வாட்டினீங்க?" என்றாள் மேரன்.

சபலம் மனிதரை விடவில்லை. தளத்தில் ஓட ஒருத்தி இருந்தால்தானே இரண்டு அவுட். அடுத்தவளுக்கு வேண்டுமென்றே நாலு பந்து தப்பாக வீசி, முதல் தளத்துக்குச் சும்மாவே நடக்கவிடும்படி டாராவிடம் சொன்னார். நடந்தாள். அதற்கடுத்தவளுக்கு மெதுவாக வீசச் சொன்னார். அவள் பந்தை உருட்டாமல் வேலிவரை பறக்கவிட்டு, மூன்றாம் தளத்தில் போய் நின்றாள்; முன்னால் நடந்தவள் சுற்றி ஓடி முடித்தாள். நான்கு-இரண்டு.

தாழ்வாக வீசினால் உருளும் என்றார். தாழ்ந்த பந்து பின்னால் நிற்கும் கேட்சரின் கால்களுக்கு நடுவே புகுந்து போக, மூன்றாம் தளத்தில் நின்றவளும் ஓடி வந்து சேர்ந்தாள். நான்கு-மூன்று. இப்போது தளங்களில் ஆளே இல்லை. டுவேன் இன்னொருத்தியையும் நடக்கவிடச் சொன்னார். கோச் எந்த அணிக்கு வேலை பார்க்கிறார் என்று வேலிக்கு அப்பாலிருந்து யாரோ ஒரு அப்பா விசாரித்தார்.

 தன் ஆசைக்காகப் பன்னிரண்டு குழந்தைகளின் கோப்பையைப் பணயம் வைத்துவிட்டோமே என்று டுவேனுக்கு வெட்கமாக இருந்தது. டாராவிடம் போனார்.

"போதும்மா. உன் வேகத்துலயே வீசு."

"முடியாது கோச். அவங்க ரெண்டு பேரும் பாவம்."

மெதுவாகவே வீசினாள். பந்து உருண்டது. பிரென்னா தள்ளினாள். மேரன் கையில் பந்து தங்கவே இல்லை.

"அவுட்," என்றார் லோர்னா. "அதுவும் அவுட்."

பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடினார்கள். டுவேன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கோப்பையத் தொலைக்கப் பாத்தேன், லோர்னா."

லோர்னா பையிலிருந்து கையை எடுத்துக் கடிகாரத்தைக் காட்டினார்.

"நீ நினைச்சாலும் தொலைச்சிருக்க முடியாது, டுவேன். நாலு-ஒண்ணுலயே குடுத்த நேரம் முடிஞ்சு ஆட்டமும் முடிஞ்சுபோச்சு. எனக்குத்தான் இத ஒரு தடவ பாத்துட்டுப் போகணும்னு இருந்துச்சு."