தப்பு அடித்ததில் வந்த தப்பு

எல்ல, பதுளை மாவட்டம்,
ஞாயிற்றுக்கிழமை.

லுணுகலையில் இருக்கும் பெருமதிப்புக்குரிய மச்சான் பழனியாண்டி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை விஜயலெட்சுமியின் புருஷன் முருகையா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். நானும் நலம். நான் நலமாக இருப்பதுதான் உங்களுக்குக் கோபம் என்று தெரியும். இருந்தாலும் கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்கியாக வேண்டும்?

போன் எடுத்தால் வெட்டிவிடுகிறீர்கள். நிஷாந்தினி வாட்ஸ்அப்பில் 'மாமா, பேசுங்க மாமா' என்று அனுப்பியதையும் நீங்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபால்காரர் கொண்டுவந்து தருவதை வேண்டாமென்று திருப்பி அனுப்புகிற வழக்கம் நம் வம்சத்தில் கிடையாது. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தை மாதம் நிஷாந்தினிக்குக் கல்யாணம். தாய்மாமன் நீங்கள் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் பிள்ளை மணவறையில் ஏறாது. "மாமா வரலைன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பிடிவாதம் எந்தப் பக்கத்து ரத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் வரவேண்டும். அதற்கு முன்னால் போன புதன்கிழமை நடந்ததற்கு நான் விளக்கம் சொல்லவேண்டும்.

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி வெள்ளைக்காரர்களைத் தங்க வைக்கிறேன் அல்லவா? நிஷாந்தினி அதை இன்டர்நெட்டில் போட்டபோது, 'உள்ளூர்ச் சாப்பாடு, உள்ளூர்க் குடிவகை, உள்ளூர்ச் சங்கீதம்' என்று தன் இஷ்டத்துக்கு எழுதித் தொலைத்துவிட்டாள். அதை நம்பி நோர்வேயிலிருந்து லார்ஸ் என்று ஒருவரும் அவர் சம்சாரம் இங்கிரிட்டும் வந்தார்கள். உலகத்தைச் சுற்றுகிற ஆட்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரன் தின்பதைத் தின்று, குடிப்பதைக் குடித்து, கேட்பதைக் கேட்பதுதான் அவர்களுக்கு வேலையாம். இப்படியும் ஒரு வேலை இருப்பது தெரியாமல் நான் பாட்டுக்கு அத்தனை வருஷம் வெங்காயம் உரித்திருக்கிறேன் பாருங்கள். வந்த அன்றைக்கு என் கைவரிசை முழுக்கக் காட்டினேன். சூப், அவித்த கரட், வெள்ளை சோஸ் ஊற்றிய கோழி, கடைசியில் கரமல் புடிங். துரைமார் தட்டை வழித்துத் தின்ற புடிங், மச்சான்! லார்ஸ் ஒரு கரண்டி வாயில் வைத்தார். பெருமூச்சு விட்டார். "இதை எங்க அம்மாவும் செய்வாங்க" என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. அவர் நைசாக எழுந்து குசினிப் பக்கம் போனவர், உங்கள் தங்கை தனக்கென்று சுட்டு வைத்திருந்த ரொட்டியையும் மிளகாய் போட்டு இடிச்ச சம்பலையும் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, கண்ணில் தண்ணீர் கொட்ட, "மோர், மோர்" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். உங்கள் தங்கை ஐயோ பாவம் என்று ஓடிப்போய் ஒரு குவளை மோரைக் கரைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். இன்னும் சம்பல் வேண்டும் என்றுதான் அந்த ஆள் கேட்டிருக்கிறார். அதற்கும் சளைக்காமல் மோரையும் குடித்துவிட்டு மறுபடியும் "மோர்" என்றார்.

புதன்கிழமை குடிவகைக்கு ஏற்பாடு. கீழே கிராமத்துச் சுமனபாலவிடம் சொல்லிக் கித்துள் மரத்துக் கள்ளு எடுப்பித்தேன். விருந்தாளிக்குக் கொடுக்கும் முன்னால் பதம் பார்ப்பது சமையல்காரன் கடமை, அதனால் பார்த்தேன். லேசான புளிப்பு இருந்தது போலிருந்தது, அது சரிதானா என்று இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு சங்கீதத்துக்கு ரமேஸைக் கூப்பிட்டேன். தெரியும்தானே, தோட்டத்தில் திருவிழாவா, கல்யாணமா, சாவா, எதுவானாலும் அவனும் அவன் ஆட்களும்தான் தப்பு அடிப்பார்கள். "லார்ஸ் ஐயா, இந்த மேளத்துக்குப் பேரு தப்பு" என்று நானேதான் சொல்லிக் கொடுத்தேன். இங்கேதான் விதி சிரித்தது. "தப்பு, தப்பு" என்று அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாலைந்து தரம் சொல்லிப் பழகிக்கொண்டார்.

ரமேஸ் முதலில் சாமி அடி அடித்தான். லார்ஸ் பரவாயில்லை என்கிற மாதிரி தலையாட்டினார். கல்யாண அடி அடித்தான். அதற்கும் அதே தலையாட்டல். தோல் தளர்ந்துவிட்டது என்று ரமேஸ் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சினான். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, கை போன போக்கில் சாவு அடியை ரெண்டு தட்டுத் தட்டினான். லார்ஸ் துள்ளி எழுந்துவிட்டார் மச்சான்! "திஸ்! திஸ்!" என்கிறார். உயிரோடு மனுஷர் இருக்கிற வீட்டில் அந்த அடி அடிக்கலாமா? அதுவும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மலை, அங்கே பட்டு எதிரொலித்தால் மூன்று தோட்டத்துக்குக் கேட்கும். குறுக்கே பாய்ந்து, "நோ, நோ! திஸ் இஸ் தப்பு!" என்று கத்தினேன். "யெஸ், யெஸ்! தப்பு!" என்றார் லார்ஸ். "ஐயோ, தப்பு ஐயா, பெரிய தப்பு!" என்றேன். அவர் ரமேஸிடம் திரும்பி, "பெரிய தப்பு!" என்று கையை விரித்துக் காட்டினார். ரமேஸ் தன் வீட்டுக்கு ஓடிப்போய் இருக்கிறதிலேயே பெரிய தப்பாக எடுத்துவந்தான். "அண்ணே, விருந்தாளி ஆசைப்படுறாரு, ஒங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று அடிக்க ஆரம்பித்துவிட்டான். நான் தப்பு தப்பு என்று கத்தக் கத்த அடி பலமாகிறது. கடைசியில் எனக்கே கால் சும்மா நிற்கவில்லை. அது கள்ளின் வேலை, என் வேலை இல்லை.

அடுத்த கொஞ்ச நேரத்தில் கொழுந்து பறிக்கிற மலையே காலி. பெரியாயி அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "போயிட்டியா முருகையா" என்று மாரில் அடித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடிவந்தாள். நான் இங்கிரிட் அம்மாவுடன் ஆடிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்துவிட்டது. "சாவலைன்னா சாவலைன்னு ஒரு வார்த்தை மொதல்லயே சொல்லக் கூடாதா? கொழுந்தை நிறுக்காமப் போட்டுட்டு ஓடியாந்தேன்!" என்றாள். பின்னால் வந்தவர்களும் அதே ஏச்சு. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? உங்கள் தங்கை முணுமுணுத்துக்கொண்டே எல்லாருக்கும் ரொட்டி சுட்டாள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சம்பலுக்கு உப்பு பத்தாது என்று குறை சொல்லுமளவுக்கு நிலைமை சீராகிவிட்டது. ரோட்டுக் கடை ஸித்தி ஸுபைதா தங்கச்சி மட்டும் கடையை விட்டு வரமுடியாமல், கேட்ட அடியை நம்பி உங்களுக்குப் போன் போட்டிருக்கிறாள். நீங்கள் அன்றைக்குப் பார்த்து பதுளைக்குப் பல் பிடுங்க வந்திருக்கிறீர்கள். பல்லையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடையில் ஏறி, தாலியறுத்த தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடி என்று சேலையும் எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறீர்கள். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்தது உங்கள் குரல்தான். கீழே படிக்கட்டில், திருப்பத்துக்கு அந்தப் பக்கம், ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் ஏறி வருகிறது. காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டிய குரல் ஆயிற்றே!

"கொறட்ட விட்டுத் தூங்கினாலும்
கோவமில்ல மச்சானே,
கொஞ்சம் கண்ணு முழிச்சிருந்தா
கோடியெல்லாம் வேணாமே..."

ரமேஸ் தானாக அடியைத் தணித்து உங்கள் குரலுக்குச் சேர்த்து வாசித்தான். தின்றுகொண்டிருந்தவர்கள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு விம்மினார்கள். பெரியாயி அக்கா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். லார்ஸ் தொப்பியைக் கழற்றினார். நானும் யார் செத்தது என்பதை மறந்து தேம்பித் தேம்பி அழுதேன். நீங்கள் திருப்பத்தில் வந்து நின்றீர்கள். ஒரு காலில் செருப்பு இல்லை, கன்னம் வீங்கியிருந்தது, கையில் சேலைப் பொட்டலம். நான் ஒரு கையில் கள்ளுக் கோப்பையும் மறு கையில் ரொட்டியுமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மச்சான், சாப்புடுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? மரியாதைதான் முக்கியம் என்று நினைத்தேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "சாவு வீட்டுல வாங்கன்னு கூப்புடுற மொதப் பொணம் நீதான்யா! இனி நெசமாவே செத்தாலும் இந்தப் படி ஏற மாட்டேன்!" என்று பொட்டலத்தைத் தேயிலைச் செடிமேல் வீசிவிட்டு இறங்கிவிட்டீர்கள்.

அந்தச் சேலையை இங்கிரிட் அம்மா எடுத்து, விருந்தாளிக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் என்று நினைத்து உடுத்திக்கொண்டு நோர்வேக்கே போய்விட்டார். உங்கள் தங்கைக்கு அதில்தான் தீராத மனக்குறை. "எங்கண்ணன் எத்தனையோ வருசத்துக்கப்புறம் எனக்குன்னு எடுத்த சேலை. மயில் கழுத்து நெறம். நீங்க ஒழுங்காச் செத்திருந்தா எனக்குக் கெடச்சிருக்கும்" என்று காலையில் தேத்தண்ணி தரும்போதெல்லாம் சொல்கிறாள். சேதி கேட்ட கையோடு உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என் படத்துக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்து ஹல்துமுல்லைச் சின்னம்மா போன் பண்ணினாள். நான்தான் எடுத்தேன். "முருகையா போயிட்டானாமே, நெசமா?" என்றாள். பெரியவர்கள் கேட்டால் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாததால் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். அதையும் நீங்கள்தான் சரிப்படுத்தவேண்டும்.

மச்சான், இனி நெஞ்சைத் திறந்து சொல்கிறேன். அந்த மாசி மாதம் காமன் கூத்தில் நான் மன்மதனாக எரிந்து விழுந்து கிடக்க, நீங்கள் ரதியாக என் தலைமாட்டில் அழுதபோது, நான் குறட்டை விட்டேன் என்று சனமெல்லாம் சிரித்தது. அன்றைக்குப் பேச்சை விட்டீர்கள். நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், அது குறட்டை இல்லை, சளி. மாசிப் பனி. அது போகட்டும். கோவமில்ல மச்சானே என்று ஊர் கேட்கப் பாடினீர்களே, அது செத்தவனுக்குக் கொடுத்த மன்னிப்பா, முருகையாவுக்குக் கொடுத்ததா? செத்தவனுக்கு என்றால் அந்த ஆள் வரவில்லை, கேட்கவில்லை, அவனுக்கு அது பிரயோசனம் இல்லை. கேட்டவன் நான்தான். எனக்காக ஒருத்தர் ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடிவருவார் என்று எனக்குத் தெரியாது மச்சான். உயிரோடு இருக்கும்போதே அது தெரிந்துபோன பிறகு, நீங்கள் இல்லாமல் என் பிள்ளைக்குக் கல்யாணம் செய்ய எனக்கு மனசு வராது. உங்கள் ஒற்றைச் செருப்பை உங்கள் தங்கை கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள். அதை எடுக்கவாவது வாங்க. இனி எங்கள் வாசலில் கூத்தும் கும்மாளமும் இருக்காது, தப்புச் சத்தமே கேட்காது. இது முருகன் மேல் ஆணை.

உங்கள் வீட்டு அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பல் பிடுங்கின இடத்துக்கு உப்புத் தண்ணீர் கொப்பளியுங்கள். நம் குலசாமி உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். எனக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உங்கள் மச்சான்,
மு. முருகையா

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் நிஷாந்தினி ஓடிவந்தாள். லார்ஸ் இன்டர்நெட்டில் எழுதிவிட்டாராம். சாப்பாடு நன்று, கள்ளு மிக நன்று, தப்பும் நன்று. ஆனால் உலகம் முழுக்கச் சுற்றிக் கேட்டதிலேயே உயர்ந்த சங்கீதம், கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் படியேறிப் பாடியதுதான் என்று எழுதி, அவர் பாதியில் போய்விட்டதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு வருகிற சனிக்கிழமை பிரான்சிலிருந்து ஒரு கூட்டமே வருகிறது. அந்தப் பெரியவர் இருப்பாரா என்றுதான் முதல் கேள்வியாம். ஆகையால் மச்சான், மேலே எழுதினதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆணையை முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன், நம்ம பேருதானே அவருக்கும். நீங்க கோவம் கொறையாம அப்படியே வாங்க. ஒத்தச் செருப்போட வந்தா இன்னும் விசேஷம். சேலை மயில் கழுத்து நெறத்துலயே எடுங்க, இந்தத் தரம் ஒங்க தங்கச்சி யாருக்கும் விடமாட்டா. ரமேஸுக்குச் சொல்லிட்டேன். நான் முன்னறையில வெள்ளைத் துணி போர்த்திப் படுத்துக்கிறேன். சத்தியமாச் சொல்றேன் மச்சான், இந்தத் தரம் கொறட்டை விடமாட்டேன்.