வெள்ளிக்கிழமை ஒட்டகம்

வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைவிட போர்டில் ஏறிய பெயர்கள் அதிகமாக இருந்தன.

சரவணக்குமார் சார் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். கீரனூரில் விடியுமுன் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் இறங்கி, அங்கிருந்து மினி பஸ்ஸில் மூட்டையோடு மூட்டையாக நின்று பள்ளிக்கு வந்து சேர்கிற மனுசனுக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அதில் அதிசயம் இல்லை. வெளியே போய்க் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தார். பெயர்கள் இன்னும் கூடியிருந்தன.

போர்டு என்றால் சாக்பீஸில் எழுதுகிற போர்டு இல்லை. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற புது ஸ்மார்ட் போர்டு. அதில் ஒரு வினாடி வினா வெப்சைட் திறந்திருந்தது. சார் கேள்வியைப் போர்டில் விடுவார். பிள்ளைகள் கையிலிருக்கும் போனில் விடையைத் தொடவேண்டும். சீக்கிரமாகச் சரியாகத் தொட்டவர் பெயர் மேலே ஏறும். உள்ளே வர ஓர் எண் உண்டு, அது போர்டின் உச்சியிலேயே தெரியும். அந்த எண்ணையும் ஒரு பெயரையும் அடித்தால் போதும், கேள்விமுறை இல்லாமல் யாரும் உள்ளே வந்துவிடலாம்.

பிள்ளைகள் எண்ணைத் தப்பாக அடித்து நேரத்தைத் தின்றுவிடுமே என்று, காலையிலேயே அதை ஏழாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவைத்தார். வழுக்கியது அங்கேதான்.

அந்தக் குரூப்பில் அம்மாக்கள் இருந்தார்கள். அவர்களுடைய போனைத்தான் பிள்ளைகள் இன்றைக்குக் கொண்டுவந்திருந்தன. ஆனால் அப்பாக்களும் இருந்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் பாதி வீட்டு ஆம்பளைகள் குவைத்திலும் கத்தாரிலும் இருக்கிறார்கள். பிள்ளை என்ன மார்க் வாங்கியது, முடி வெட்டியதா என்றெல்லாம் அங்கிருந்தே பார்க்கவேண்டும் என்று சாரை நச்சரித்துக் குரூப்பில் சேர்ந்தவர்கள். போதாததற்கு இன்று வெள்ளிக்கிழமை. அங்கே லீவு. ரூமில் கட்டிலில் கிடந்த அப்பாக்கள், பள்ளிக்கூடத்திலிருந்து ஏதோ எண் வந்திருக்கிறது, முக்கியமாகத்தான் இருக்கும் என்று ஒருத்தர் பின்னால் ஒருத்தராக உள்ளே வந்துவிட்டார்கள். மாணவர் பெயரில் மட்டும் நுழையவும் என்று சார் எழுதியிருந்தார். சொன்ன சொல் தட்டாத ஆட்கள். ஆகவே போர்டில் இரண்டு கார்முகில், இரண்டு பாலாஜி, இரண்டு வனிதா.

வேறொரு நாளாக இருந்தால் சாரும் சிரித்திருப்பார். இன்று சிரிக்கிற நாள் இல்லை. பள்ளியை நடத்துகிற அறக்கட்டளைக்குக் கீரனூரிலும் ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே ஓர் ஆசிரியர் இடம் காலி. அவரை அங்கே மாற்றலாமா வேண்டாமா என்று சொல்லவேண்டியவர் மேற்பார்வையாளர் ஷீபா மேடம். அந்த மேடம் இன்று வகுப்பைப் பார்க்க வருகிறார்.

சாருக்கு மாற்றல் ஏன் அவ்வளவு அவசரம் என்றால், வீட்டில் ஒரு பெண் குழந்தை. இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறது. அவர் கிளம்பும்போதும் தூங்கும், திரும்பும்போதும் தூங்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஆசையாகத் தூக்கப் போனார். குழந்தை வீரிட்டு அலறி, கேஸ் சிலிண்டர் இறக்க வந்த ஆளிடம் தாவிவிட்டது. அவரையாவது அது முன்னே பின்னே பார்த்திருக்கிறது.

சார் ஒரு முடிவுக்கு வந்தார். பெயரைத் தொட்டால் அந்த ஆளை வெளியே தள்ளிவிடும் வசதி வெப்சைட்டில் இருந்தது. இரண்டு கார்முகிலில் ஒன்றைத் தொட்டார். முதல் பெஞ்சிலிருந்து அழுகை கிளம்பியது.

"சார், என்னைய வெளிய தள்ளிட்டீங்க சார்."

அதைத் திரும்ப உள்ளே சேர்த்து, இன்னொரு கார்முகிலைத் தள்ளினார். அந்த அப்பா கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி வந்து நின்றார். அடுத்து பாலாஜியைத் தொட்டார். அந்தப் பக்கம் ஒரு அழுகை. கைப்பிடிச் சுவரில் செங்கல்லை மாற்றி மாற்றி உருவுகிற கதையாக, எதை எடுத்தாலும் எடுக்கக்கூடாததே கையில் வந்தது.

சரி, நேரடியாகவே சொல்லிவிடுவோம் என்று குரூப்பில் எழுதினார்: பிள்ளைகள் பெயரில் அப்பாக்கள் இருக்கவேண்டாம்.

உடனே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. சரிங்க சார், மன்னிச்சுக்கங்க சார் என்று எல்லாரும் வெளியேறினார்கள். போர்டு சுத்தமானது. சார் மூச்சை விட்டார். விட்ட மூச்சை இழுப்பதற்குள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் பெயர்தானே கூடாது? இப்போது போர்டில் கத்தார் காளை, நாகுடி மின்னல், தோஹா சிங்கம், குவைத் கொம்பன் என்று ஒரு மிருகக்காட்சிச் சாலையே நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் ஷீபா மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

மேடம் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போர்டைப் பார்த்தார். போனைத் தூக்கி அதைப் படமும் எடுத்துக்கொண்டார். ஆதாரம் சேர்க்கிறார் என்று சார் நினைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் என்ன பேரு சார்?"

பிள்ளைகள் கூச்சத்தை விட்டுப் பதில் சொல்லவேண்டும் என்பதற்காகப் புனைபெயர் வைக்கச் சொன்னதாகவும், அது ஒரு புது முறை என்றும் சார் சொன்னார். எங்கே புது முறை என்று மேடம் கேட்டார். வெளிநாட்டில் என்றார். அதில் மட்டும் பொய் இல்லை.

"அப்ப கத்தார் காளை எந்திரிங்க பாப்போம்."

ஒருவரும் எழவில்லை. சார் வனிதாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அது சுறுசுறுப்பான பிள்ளை, எழுந்துவிட்டது.

"நீயா காளை?"

"இல்ல மேடம், அது எங்கப்பா."

அது மரியாதைக்காக அப்பா பெயரில் விளையாடுகிறது என்று சார் குறுக்கே பாய்ந்து, மேடம் அடுத்து வாயைத் திறப்பதற்குள் முதல் கேள்வியைப் போர்டில் விட்டுவிட்டார். விடும்போது பார்த்தார், பட்டியலின் அடியில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருந்தது: ஒட்டகம். சரி, கூட்டத்தோடு இதுவும் ஒன்று என்று நினைத்தார்.

அன்றைய பாடம் பாலைவனம். அவருடைய கெட்ட நேரம்.

பிள்ளைகள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் வளைகுடாவிலிருந்து விடைகள் பாய்ந்தன. ஈச்சமரம், மணல் புயல், ஒட்டகத் திமில் என்று எதைக் கேட்டாலும் மின்னலும் சிங்கமும் காளையும் மேலே போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒட்டகமும் ஒரு கேள்வியையும் விடாமல் பின்னாலேயே வந்தது. பிள்ளைகளின் பெயர்கள் அடியிலேயே கிடந்தன. மேடம் ஒவ்வொரு கேள்விக்கும் குனிந்து போனில் எதையோ வேகமாக அடித்துக்கொண்டிருந்தார். தன் குறைகளைத்தான் எழுதுகிறார் என்று சாருக்குப் புரிந்தது. எவ்வளவு குறை இருந்தால் அவ்வளவு வேகமாக அடிக்கவேண்டியிருக்கும்?

பாலைவனத்தில் இரவு எப்படி இருக்கும் என்பது அடுத்த கேள்வி. குளிராக இருக்கும் என்பது புத்தகத்தில் உள்ள விடை. மின்னல், சிங்கம், கொம்பன், காளை எல்லாரும் வெப்பம் என்று தொட்டு மொத்தமாகக் கவிழ்ந்தார்கள். ஒட்டகம் மட்டும் குளிர் என்று தொட்டு முதலிடத்துக்குப் போனது.

லேப்டாப்பில் வாட்ஸ்அப்பும் திறந்தே கிடந்ததை சார் மறந்திருந்தார். வெப்பம்தான் சரி என்று குரூப்பில் கிளம்பிய ஆவலாதிகள் போர்டின் மூலையில் ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கத் தொடங்கின. அதை மூடப் போனார். அந்த விநாடி ஒரு வீடியோ கால் வந்தது. வெட்டுவதாக நினைத்து எடுத்துவிட்டார்.

சுவர் முழுக்க ஒரு மனுசர் தெரிந்தார். லுங்கி, தோளில் துண்டு, கையில் கரண்டி. பின்னால் அடுப்பில் ஏதோ கொதித்தது. பாலாஜி மேஜைக்கு அடியில் போனான். அவனுடைய அப்பா ஆனந்தராஜ், குவைத்தில் தண்ணி லாரி ஓட்டுகிறவர்.

"சார், நல்லாருக்கீங்களா. அந்த ராத்திரிக் கேள்வி தப்புங்க சார். இங்க ராத்திரியும் வேகுது. புஸ்தகம் எழுதுனவர ஒரு நா எங்க ரூம்ல ஏசி இல்லாமப் படுக்கச் சொல்லுங்க."

மேடம் மெதுவாக எழுந்து முன்னால் வந்தார். சாருக்கு வாய் தானாக ஓடியது. இவர் சிறப்பு விருந்தினர், பாலைவனத்தில் நேரடி அனுபவம் உள்ளவர், பாடத்துக்காக ஏற்பாடு செய்தது என்றார். விருந்தினர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேடத்தைக் கும்பிட்டார்.

மேடம் அவரிடம் பாலைவனத்தைப் பற்றி நாலு வார்த்தை பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார்.

"மணலுங்க மேடம்," என்றார் ஆனந்தராஜ். கொஞ்சம் யோசித்தார். "அங்கிட்டும் மணலு, இங்கிட்டும் மணலு. வேற ஒண்ணும் இல்லீங்க."

பாடம் அத்தோடு முடிந்தது. அடுத்து அவர், வந்ததும் வந்தோம், பாலாஜி எங்கே, கணக்கில் ஏன் மார்க் குறைந்தது, அவனை எந்திரிக்கச் சொல்லுங்கள் சார் என்று ஆரம்பித்துவிட்டார். அதைக் குரூப்பில் யாரோ மோப்பம் பிடித்து, ஆனந்தராஜ் மட்டும் என்ன உசத்தி என்று கேட்க, மற்ற அப்பாக்களும் அதே வீடியோ காலில் நுழைந்தார்கள். போர்டு கட்டம் கட்டமாகப் பிரிந்தது. ஒரு கட்டத்தில் ஒருவர் பல் தேய்த்தார். ஒரு கட்டத்தில் வெறும் கூரை தெரிந்தது. பிள்ளைகள் எழுந்து கையாட்ட, அப்பாக்கள் கையாட்ட, வகுப்பு விமான நிலையம் மாதிரி ஆகிவிட்டது.

ஆனந்தராஜுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். யாருப்பா அந்த ஒட்டகம்? ஒரு கேள்வியும் விடாம அடிக்கிறான். மூஞ்சியக் காட்டுடா பாப்போம்."

நான் இல்லை என்றது காளை. சிங்கம் சத்தியம் செய்தது. பல் தேய்த்தவர் நுரையோடு தலையை ஆட்டினார். சாரும் வகுப்பைச் சுற்றிப் பார்த்து, ஒட்டகம் யார், பயப்படாமல் எழுந்திருக்கலாம் என்றார். சற்றுமுன் காளையைப் பெயர் சொல்லி எழுப்பிய மேடம், பெயரில் என்ன சார் இருக்கிறது, நேரமாகிறது, வீடியோ காலை வெட்டுங்கள் என்று அவசரமாகச் சொன்னார்.

பொறுத்தது போதும் என்று பெயரைக்கூடக் கேட்க விரும்பாத அளவுக்கு மேடத்துக்கு வெறுத்துவிட்டது என்று சார் எண்ணினார். போர்டை அணைத்தார். பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு அனுப்பினார். பிறகு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். புது முறை என்று ஒன்றும் இல்லை. விருந்தினர் என்று யாரையும் கூப்பிடவில்லை. எண்ணைக் குரூப்பில் போட்டது தன் புத்தி.

"பொய் சொன்னது தப்புதான் மேடம். எம்மக என்னையப் பாத்து அழுகுது மேடம். சிலிண்டர் போடுறவருகிட்டப் போகுது. கீரனூரு கெடச்சா பொழுதோட வீட்டுக்குப் போயிருவேன்னுதான் பண்ணுனேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து இப்படிச் சிரித்து எந்த வகுப்பிலும் தான் கண்டதில்லை என்றார். மாற்றல் விஷயத்தை இப்போதே முடிவு செய்து சொல்லிவிடுவதாகவும் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜன்னல் வழியாக சார் பார்த்தார். வேப்பமரத்தடியில் நின்ற காருக்குப் பக்கத்தில் மேடம் பேசிக்கொண்டிருந்தார். முதலில் தலையை ஆட்டினார். பிறகு ஏதோ வாதாடினார். பிறகு சிரித்தார். சிரிப்பைப் பார்த்ததும் சாருக்கு நம்பிக்கை வந்தது. வாசலுக்கு ஓடினார். இனி குழந்தைக்குச் சாயங்காலம் என்ன வாங்கிப்போவது என்றுகூட மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

மேடம் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவர் ராக்கன் மட்டும், வகுப்பில் விட்டுப்போன மேடத்தின் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்தார். நல்ல மனுசர். சாரை ஏறெடுத்துப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"மேடம் என்ன சொன்னாங்கண்ணே? கீரனூருதானே?"

ராக்கன் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்:

"அம்மா ஒங்கள அனுப்பலாம்னுதான் சார் நெனச்சாங்க. மஸ்கட்ல இருக்குற அவுங்க வீட்டுக்கார ஐயாதான், 'அந்த வாத்தியார மாத்திப்புட்டா அடுத்த வெள்ளிக்கெழம இந்த ஒட்டகம் எங்க போயி வெளையாடும்'னு கேட்டு நிறுத்திப்புட்டாரு."