கவிழ்த்துப் பார்க்கிறவர்

உங்கள் கையில் ஒருவர் ஒரு டப்பாவைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? வாங்கிக்கொள்வீர்கள், திறப்பீர்கள், பசித்தால் உள்ளே இருப்பதைச் சாப்பிடுவீர்கள். உலகத்தில் இன்னொரு ரக மனிதர் இருக்கிறார். எதைக் கொடுத்தாலும் முதல் வேலையாக அதைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். பிளாஸ்டிக் சாமான் என்றால் அது எந்த ரக பிளாஸ்டிக் என்று சொல்ல அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஒரு எண்ணும் இருக்குமல்லவா, அதைத்தான் தேடுகிறார். பரீட்சையில் பிள்ளை பாஸா ஃபெயிலா என்று பார்க்கிற தகப்பன் முகத்தோடு பார்ப்பார். பெரும்பாலும் ஃபெயில்தான்.

‘கவிழ்த்துப் பார்க்கிறவர்’ என்று நான் இவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஆட்சியைக் கவிழ்க்கிறவர் வேறு. அவரால் நமக்கு இவ்வளவு தொல்லை கிடையாது.

எனக்குத் தெரிந்த கவிழ்த்துப் பார்க்கிறவர் எங்கள் செருப்புப் பட்டறையின் முதலாளி. பல வருடமாக அவரைப் பார்த்து வருகிறேன். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்ப்பார். உள்ளே தண்ணீர் இருந்தால் அது தண்ணீரின் பாடு. கணக்குப் பார்க்க வந்தவருடைய பேனாவைக் கவிழ்ப்பார். ஒரே ஒரு முறைதான் ஒரு பொருளை அவர் கவிழ்க்காமலே படித்தார். அவருடைய பேரன் மல்லாந்து படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தான். பாட்டில் ஏற்கெனவே கவிழ்ந்துதான் இருந்தது. படித்தார், பிடுங்கினார். குழந்தை வீல் என்று கத்தியது. “பார்த்தீங்களா? வயித்துல ஏதோ பண்ணுது அவனுக்கு” என்றார்.

இந்த ரகத்தை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பேச்சை ‘இதுல என்ன இருக்கு தெரியுமா?’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். தெரியாது என்றால் சந்தோஷம். தெரியும் என்றால் முகம் தொங்கிவிடும். கேன்சர் என்ற சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், அது அடுத்த அறையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பதுபோல. காலையில் எழுந்ததும் கைபேசியில் யாரோ அனுப்பிய எச்சரிக்கை ஒன்றைப் படித்து, அதை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பி, அந்தப் பத்துப் பேரின் காலை உணவையும் கெடுத்த பிறகுதான் பல் தேய்ப்பார்கள். பல் தேய்க்கும்போது பற்பசையைக் கவிழ்ப்பார்கள்.

இவர் சொல்வதெல்லாம் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி உண்மை. அதுதான் தொல்லையே. முழுப் பொய்யென்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாமே!

அவர் வீட்டம்மா ஒருநாள் பட்டறைக்கு வந்து எங்களிடம் புலம்பினார். “ஒட்டாத வாணலி போச்சு. டப்பா எல்லாம் போச்சு. நான் தலைக்கு அடிக்கிற சாயம் போச்சு, இப்ப பாருங்க, இவருக்கு அக்கா மாதிரி இருக்கேன். இனி என்னைக் கவிழ்த்துப் பார்க்கிறது ஒண்ணுதான் பாக்கி.”

போன டப்பாக்கள் எங்கே போயின என்று கேட்டீர்களானால், அதையும் சொல்கிறேன். தூக்கிப் போட்டால் வேறு யாராவது எடுத்துப் புழங்கிவிடுவார்களே என்ற நல்ல மனசில், வீட்டுக்குப் பின்னால் குவித்து நெருப்பு வைத்துவிட்டார். கறுப்புப் புகை கயிறு கயிறாக எழும்பியது. அவர் பக்கத்திலேயே நின்று ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்து, “என்ன சார் பண்றீங்க?” என்று கேட்டார்.

“விஷத்தை ஒழிக்கிறேன் சார்.”

இப்போது பட்டறைக்கு வருவோம். முன்பக்கம் கடை. நடுவில் முதலாளியின் கண்ணாடி அறை. அதில் காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரம் ஒன்று பச்சை விளக்கோடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பின்பக்கம் நாங்கள். எங்கள் வேலை ஒட்டுவது. பசை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, செருப்பின் அடியிலும் மேல்தோலிலும் பிரஷ்ஷால் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம் வரும்வரை காத்திருந்து, இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரப் பசையில் தூசி விழுந்தால் ஒட்டு நிற்காது என்று மின்விசிறி போடமாட்டோம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வாசனை முதலில் பிடித்துப்போகும். கொஞ்ச நாளில் வாசனையே தெரியாது. ஆனால் நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது எங்களுக்கு முன்னால் பசை நுழையும். “பட்டறை வந்தாச்சு, ஜன்னலைத் திற” என்பார் என் வீட்டுக்காரர். நான் வந்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அறிவிப்பு.

எங்களில் மூத்தவர் பசையக்கா. அவர் கை ஓடுவதைப் பார்த்தால் ஏதோ குழந்தைக்கு மை தீட்டுவதுபோல இருக்கும். அவ்வளவு சுருக்கு, அவ்வளவு சுத்தம். அந்த அக்காவுக்குக் கொஞ்ச நாளாக மத்தியானமானால் தலைவலி. பிறகு கிறுகிறுப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே கையில் நீலநீலமாகக் கன்றியது.

விஷயம் முதலாளியின் காதுக்குப் போனது. நல்ல மனிதர்; ஓடி வந்தார். வந்து என்ன செய்தார்? அக்காவின் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்தார்.

“நினைச்சேன்! இதுலயா சூடா போட்டு எடுத்துட்டு வர்றீங்க? அப்புறம் தலை வலிக்காம என்ன பண்ணும்?”

மறுநாளே எங்கள் எல்லோருக்கும் தன் செலவில் எவர்சில்வர் டப்பா வாங்கித் தந்தார். நன்றாகத்தான் இருந்தது. தலைவலியும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்து அக்காவின் முகப் பவுடர்மேல் சந்தேகப்பட்டார். பவுடரை நிறுத்தினார் அக்கா. அடுத்து, கைபேசியை மடியில் வைக்கக்கூடாது என்றார். எல்லோரும் கைபேசியைப் பையில் போட்டு, கதவோரம் ஆணியடித்து மாட்டினோம். தலைவலிக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லைபோலிருக்கிறது; அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒருநாள் முதலாளி எங்கள் அறையின் நடுவில் நின்று, மூக்கை உயர்த்தி, நாலு திசையும் மோப்பம் பிடித்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தோம்.

“ஜன்னல்!” என்றார். “வெளியே லாரி நிக்குது பாருங்க. டீசல் புகை எவ்வளவு கெடுதல் தெரியுமா?”

செருப்புக்கு அடிக்கிற ஆணியையே எடுத்து, தன் கையாலேயே ஜன்னலை அடித்து மூடினார். அந்த அறையில் இருந்தது அந்த ஒரே ஜன்னல்.

அதற்குப் பிறகுதான் அக்கா பெரிய டாக்டரிடம் போனார். மறுநாள் வந்து உட்கார்ந்தவர் பிரஷ்ஷைத் தொடவில்லை.

“என்னக்கா சொன்னாங்க?”

“ரத்தத்துல அணு குறைஞ்சிருக்காம். டாக்டரம்மா என்ன சாப்பிடறேன்னு கேக்கல, என்ன வேலை பாக்கறேன்னு கேட்டாங்க. சொன்னேன். சில பசையில கலக்கற சரக்கு வருஷக்கணக்கா மூச்சுல போனா ரத்தத்தைக் கெடுக்குமாம். சில பேருக்கு ரத்தப் புற்றுநோய் வரைக்கும் போயிடுமாம். எனக்கு அது இல்லைன்னு இன்னும் உறுதியாச் சொல்லல. டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க.”

எல்லோரும் பசை டப்பாவைப் பார்த்தோம். எழுத்து எறும்பு ஊர்வதுபோலப் பொடிசாக இருந்தது. பிறகு எல்லோரும் கண்ணாடி அறையைப் பார்த்தோம். டப்பாவில் இருக்கிற எழுத்தைப் படிப்பதற்கென்றே பிறந்த மனிதர் பக்கத்து அறையில் இருக்கும்போது நாங்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் பின்னாலேயே போய் வாசலில் நின்றோம்.

“முதலாளி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”

நீட்டியதுதான் தாமதம். பழக்கதோஷம், கை தன்னால் கவிழ்த்துவிட்டது. மூடி சரியாக மூடியிருக்கவில்லை. அத்தனை பசையும் அவருடைய புதுச் செருப்பின்மேலும் அதைச் சுற்றியும் வழிந்து நின்றது. ஆனால் பாருங்கள், அந்தப் பசைக் குளத்தின் நடுவில் நின்றுகொண்டே அவர் படித்தார். அதுதான் அந்த ரகத்தின் பெருமை.

படிக்கப் படிக்க அவர் உதடு அசைந்தது. நல்ல காற்றோட்டம் உள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்தவும். ஆவியை முகரக்கூடாது. நெடுநாள் முகர்ந்தால் புற்றுநோய் உண்டாகலாம்.

டப்பாவை மேசைமேல் வைத்தார். நிமிர்த்திதான் வைத்தார்.

“இதெல்லாம் சும்மா எழுதறதும்மா. நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக்கூடாதேன்னு கம்பெனிக்காரன் எழுதி வைக்கறது.”

“சாப்பாட்டு டப்பாவுல எழுதினது?”

“அது வேற.”

“என்ன வேற?”

“அது வீட்டுப் பொருள். இது தொழில்.”

சொல்லிவிட்டு ஓர் அடி எடுத்து வைக்கப் பார்த்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. எங்கள் பசை அப்படி. வெறுங்காலோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா ஒன்றும் சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. “சரி முதலாளி. சும்மா எழுதறதுன்னா பயமில்லை. அங்க ஜன்னல் வேற இல்ல, புழுங்குது. நாங்க இங்கயே உக்காந்து ஒட்டறோம்” என்றார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? சும்மா என்று இப்போதுதானே சொன்னார்! நாங்கள் மேசைகளைத் தூக்கி வந்து போட்டோம். புதுப் பசை டப்பாக்களைத் திறந்தோம். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டோம், லாரிப் புகை வந்துவிடக்கூடாது பாருங்கள். அக்காவை மட்டும் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அவர் பங்கையும் நாங்களே ஒட்டினோம்.

முதலில் அந்த இயந்திரத்தின் பச்சை விளக்கு மஞ்சளானது. பிறகு சிவப்பானது. பிறகு அது ஒரு சத்தம் போட்டது. அதற்குத் தொண்டை உண்டென்றே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதலாளி கொஞ்ச நேரம் செய்தித்தாள் படித்தார். கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டார். கைக்குட்டையால் முகம் துடைப்பதுபோல மூக்கை மூடிக்கொண்டார். ரோஷக்காரர், எழுந்திருக்கவில்லை. கடைசியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் தலை வலிக்கற மாதிரி இருக்கு” என்றார்.

அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினார். “ஏன் முதலாளி, இன்னைக்கு சாப்பாடு எந்த டப்பாவுல கொண்டு வந்தீங்க?”

நாங்கள் ஆளுக்கொரு செருப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு உன்னிப்பாகப் பரிசோதித்தோம். சிரிப்பை மறைக்க அதைவிட நல்ல சாமான் அந்த அறையில் இல்லை.

அவர் எழுந்தார். குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பின்பக்கம் போனார். ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்குகிற சத்தம் கேட்டது.

அதோடு ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தால் இந்த ரகத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இப்போது கடைக்கு யார் வந்தாலும், “காத்தோட்டம்தான் சார் முக்கியம். யாரும் சொல்லல, நானாக் கண்டுபிடிச்சேன்” என்கிறார். பக்கத்தில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவரிடம் போய், முகமூடி போடச்சொல்லி ஒரு பிரசங்கம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “இதெல்லாம் சும்மா சொல்றது சார்” என்றாராம். முதலாளிக்குக் கோபமான கோபம். “ஜனங்களுக்கு அறிவே இல்லை” என்று எங்களிடம் வந்து வருத்தப்பட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு நிமிடம் இருங்கள். நீங்கள் இதைப் படிக்கிற அறையின் ஜன்னல் திறந்திருக்கிறதா? கொசு வரும் என்று சாத்திவிட்டு, காலடியில் சுருளைப் புகைய விட்டிருக்கிறீர்களோ? பழத்தை உப்புத் தண்ணீரிலும் வெந்நீரிலும் மாற்றி மாற்றிக் கழுவிவிட்டு, அந்த ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சிகரெட் பற்றவைத்தது யார்? அடுத்தவர் டப்பாவை நாம் எல்லோரும் நன்றாகவே கவிழ்க்கிறோம். கவிழ்த்தால் நம் சோறு கொட்டிவிடும் என்கிற டப்பாவைத்தான் யாரும் தொடுவதில்லை. உங்களுடையது எது என்று நான் கேட்கப்போவதில்லை. வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பின்னறையில் இப்போது புகையை வெளியே தள்ளுகிற விசிறி ஒன்று ஓடுகிறது. செருப்பில் தூசி விழுகிறது, துடைத்துவிட்டு ஒட்டுகிறோம். பசையக்கா பசையைத் தொடுவதில்லை, முன்பக்கத்தில் செருப்புக்கு வார் வெட்டுகிறார். மாதா மாதம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். அணு கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். இன்னும் கொஞ்ச காலம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டரம்மா. ஜன்னல் திறந்திருக்கிறது.