ஐம்பது நிமிடத்தில் பெங்களூர்

மேற்கே இருக்கும் ஊருக்குப் போக, புத்தியுள்ளவன் எவனும் கிழக்கே நாலு மணி நேரம் போய் விமானம் ஏற மாட்டான். நான் ஏறினேன். அதுவும் என் நிச்சயதார்த்தத்துக்கு.

மலிவு விலை விமானங்கள் புதிதாகப் பறக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பெண் வீடு பெங்களூர். எங்கள் தறியில் நெய்த நிச்சயப் புடவையோடு ஆரணியிலிருந்து எல்லோரும் வேனில் போவதாக ஏற்பாடு. நானோ போனில் பெண்ணிடம், “பிளைட்லதான் வருவேன்” என்று பீற்றியிருந்தேன்.

பழைய பள்ளிக்கூட அட்லஸை விரித்து, சென்னை விமான நிலையத்திலிருந்து பெங்களூர் விமான நிலையம் வரை ஒரு பட்டு இழையைப் பிடித்து அளந்தேன் (எங்கள் வீட்டில் எதையும் நூல் பிடித்துப் பார்த்தால்தான் நம்பிக்கை). விரல் நீளம்கூட இல்லை. டிக்கெட்டில் ஐம்பது நிமிடம் என்று போட்டிருந்தது.

“நீங்க அஞ்சு மணி நேரம் வேன்ல குலுங்கிகினு வாங்க. பொடவை கசங்கிடும், அத்த நான் எடுத்தாறேன்” என்றேன்.

“ஏர்போர்ட்டு ஆரணியிலயாடா கீது?” என்றார் அப்பா. நான் புடவையைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

அவர்கள் எட்டு மணிக்கு வேன் ஏறினார்கள். நான் விடியற்காலையிலேயே பஸ் ஏறியிருந்தேன் (அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்). மதியம் ஒரு மணி விமானம் இரண்டரைக்குக் கிளம்பியது. பக்கத்து இருக்கைப் பெரியவர் எந்த ஊர் என்று விசாரித்தார்.

“ஆரணிங்க.”

“அது பெங்களூர் போற பக்கமாச்சேப்பா! அங்கிருந்து எதுக்கு மெட்ராஸ் வந்து ஏறினே?”

ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே எங்கள் வீட்டு மொட்டைமாடியே தெரிவதுபோல் இருந்தது. புடவைப் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

ஐம்பது நிமிடம் என்னவோ உண்மைதான். ஆனால் பெங்களூர் விமான நிலையம் அப்போதுதான் ஊருக்கு வெளியே வெகுதூரம் மாறியிருந்தது; என் அட்லஸுக்கு அது தெரியாது. பெண் வீடோ ஊரின் மறுகோடி. டாக்சியில் இரண்டு மணி நேரம். நாலரைக்கு ராகு காலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். நான் போய் இறங்கியபோது மணி ஐந்தரை.

எங்களில் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை கட்டாயமில்லை; தட்டில் புடவை கட்டாயம். “மாப்ள வராட்டி போவுது, பொடவை எங்க?” என்று பெண்ணின் அத்தை என் அம்மாவைப் பிடித்துக்கொண்டாராம். திரும்பும்போது மாற்றிக்கொள்ள அம்மா ஒரு புதுப் பாலியஸ்டர் புடவை வைத்திருந்தார். வேறு வழியில்லாமல் அதையே தட்டில் வைத்துவிட்டார்.

பட்டு நெய்கிற வீட்டுக்கு வரப்போகும் மருமகள், ரோஸ் கலர் பாலியஸ்டரில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஜல்தியா வந்துட்டியே!” என்றார் அப்பா.

நான் சுமந்து போன பட்டுப்புடவை இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. கல்யாண நாள் தவறாமல் என் மனைவி கட்டுவது அந்த ரோஸ் பாலியஸ்டரைத்தான். ஏன் என்று கேட்டால், வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் சொல்வாள்:

“இது வேன்ல வந்துச்சு. நேரத்துக்கு வந்துச்சு.”